மீன் பெட்டியில் வைத்த மருந்து

ஞாயிற்றுக்கிழமை வழிபாடு முடிந்து எல்லோரும் மனேபாவில் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். பிகெனாமோ தீவில் ஊர்க்கூட்டமோ விருந்தோ வழக்கோ, எதுவாக இருந்தாலும் அந்த ஓலைக்கூரைக்குக் கீழேதான். யாரோ ருடேருவைச் சீண்டினார்கள். மீன் கிடங்கில் ஐஸ் அள்ளுவதைத் தவிர அவன் உருப்படியாக என்ன செய்திருக்கிறான் என்று கேள்வி. ருடேரு ஈரப்பலாவைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு நிதானமாகப் பதில் சொன்னான்.

"ஐஸ் அள்றவன்னே வச்சுக்கோ. ஆஸ்பத்திரி மருந்தைக் காப்பாத்துனது யாரு? ரெண்டு நாள் சூரை மீனுக்கு அடியில புதைச்சு வச்சேன். எடுக்கும்போது ஒவ்வொண்ணும் கல்லு மாதிரி இருந்துச்சு. கெட்டுப்போக வழியே கிடையாது."

இனிமேல் ஊசி போட்டால் மீன் வாடை அடிக்கும் என்று ஒருவன் சொல்ல, கூட்டம் சிரித்தது. பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நர்ஸ் அகோயா சிரிக்கவில்லை. தட்டைப் பாயில் வைத்துவிட்டு, கை கழுவாமலே எழுந்து வந்து, வெளியே வா என்று ருடேருவுக்குத் தலையசைத்தாள்.

வெளியே, தென்னை நிழலில், அவள் ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டாள். ஐஸ் பெட்டியிலா, ஃப்ரீசரிலா? ஃப்ரீசரில். கண்ணாடிக் குப்பிக்குள் தண்ணீராக இருந்ததா, கட்டியாக இருந்ததா? கட்டியாக. எல்லாமேவா? எல்லாமே. ஒவ்வொரு பதிலையும் அவன் சற்றுப் பெருமையோடுதான் சொன்னான். கடைசிப் பதிலுக்குப் பிறகு அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

"அது உறையக்கூடாது ருடேரு. சூடுகூடக் கொஞ்ச நாள் தாங்கும். உறைஞ்சா செத்துப்போயிடும்."

நடந்தது இவ்வளவுதான். பன்னிரண்டு நாளைக்கு முன் அகோயா தெற்குக் கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தபோது மருத்துவ நிலையத்து ஃப்ரிட்ஜ் நின்றுபோனது. தன் மனைவி தாபேயாவின் இரும்பு மாத்திரை வாங்கப் போன ருடேரு, விளக்கு எரியாததைப் பார்த்தான். துப்புரவுக்காரியிடம் சாவி வாங்கித் திறந்தான். உள்ளே வெதுவெதுப்பு. இருபது வருடமாக அவன் பார்த்த உலகத்தில் ஒரு பொருள் கெடுவதற்கு ஒரே காரணம்தான் உண்டு, அது வெக்கை. மீன், இறால், கறி, ஒருமுறை மூழ்கி இறந்தவரின் உடல்கூட, எதுவாக இருந்தாலும் குளிரில் வைத்தால் நிற்கும். எவ்வளவு குளிரோ அவ்வளவு நல்லது. மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிடங்குக்கு ஓடினான். சூரியத் தகட்டின் ஒயரை ஆள் வந்து சரிசெய்ததும், எடுத்த வரிசை மாறாமல் திரும்ப அடுக்கி வைத்தான்.

அகோயா திரும்பியபோது, ஃப்ரிட்ஜ் கொஞ்சம் நின்றது, மருந்தைக் கிடங்கில் குளிரில் வைத்திருந்தேன் என்று சொன்னான். நன்றாகக் குளிர்ந்ததா என்று அவள் கேட்டாள். நன்றாக என்றான். பல நாள் பயணக் களைப்பில் அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. உறைந்ததா என்ற அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டதற்கு அவள் இன்றுவரை தன்னை மன்னிக்கவில்லை.

அவன் அப்படி ஓடியதற்குக் காரணம் உண்டு. அந்தப் பெட்டியில் இருந்த குப்பிகளில் ஒன்று அவன் குழந்தைக்கு. தாபேயாவுக்கு மாதம் நிறைந்திருந்தது. அவள் ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி இருப்பது இரண்டு மாதத்துக்கு முன் தெரிந்தது. அந்தப் பெயர் ருடேருவுக்குப் புதிது, நோய் புதிதல்ல. அவனுடைய அண்ணன் எனோக்கா முப்பத்தாறு வயதில், காற்று நிறைந்த படகுப் பாய் மாதிரி வயிறு உப்பி, கண் மஞ்சளாகி, கை கால் குச்சியாகிப் போய்ச் சேர்ந்தான். ஊர் அதைச் செய்வினை என்றது. யார் செய்தது என்றுகூட ஒரு பெயர் உலவியது. அகோயாதான் ருடேருவை உட்காரவைத்து, அது ஈரலைத் தின்கிற கிருமி, அண்ணனுக்குப் பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து வந்திருக்கும் என்று சொன்னாள். பெரியவர்களுக்கு ஒட்டினால் பெரும்பாலும் தானாகப் போய்விடும். பிறந்த குழந்தைக்குள் போனால் போகாது. முப்பது வருடம் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். பிறந்த இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் ஒரு ஊசி போட்டுவிட்டால், பத்துக் குழந்தைகளில் எட்டு ஒன்பது தப்பிவிடும். அந்தக் கணக்கு அவன் மனதில் ஏறிவிட்டது. அன்றிலிருந்து மருந்து இருக்கிறதா என்று வாரம் ஒருமுறை எட்டிப் பார்த்தான். அதனால்தான் விளக்கு எரியாதது அவன் கண்ணில் பட்டது.

திங்கள் காலை அகோயா அவனை மேஜைக்கு அருகே கூப்பிட்டாள். கையில் இரண்டு குப்பிகள். ஒன்றை வேண்டுமென்றே முந்தின நாள் ஃப்ரீசரில் உறையவைத்து உருகவிட்டிருந்தாள். மற்றது ருடேரு திரும்ப அடுக்கிய பெட்டியிலிருந்து அப்படியே எடுத்தது. இரண்டையும் ஒன்றாகக் குலுக்கி, மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். நல்ல மருந்து பால் கலந்த தண்ணீர்போல நெடுநேரம் கலங்கியே இருக்கும், உறைந்த மருந்து திரிதிரியாகிச் சீக்கிரம் அடியில் படிந்துவிடும் என்றாள். ருடேரு குனிந்து பார்த்தான். இரண்டிலும் வெள்ளைத் துணுக்குகள் இறங்கின. அரை மணி நேரத்தில் இரண்டிலும் மேலே தெளிந்த தண்ணீர், கீழே ஒரே அளவு வண்டல். எது எது என்று அவனால் சொல்ல முடியவில்லை.

தாபேயாவுக்கு விடியும்போதே வலி தொடங்கியிருந்தது. பக்கத்து அறையில் அவள் மூச்சு விடும் சத்தம் கேட்டது.

தீவுக் கவுன்சில் ரேடியோவில் அகோயா தலைநகரத்தோடு பேசினாள். விமானம் வியாழக்கிழமை. அதுவும் வந்தால். அபடோக்கு தீவு நர்ஸிடம் நாலு குப்பி இருக்கிறது, ஒரு குப்பி ஒரு குழந்தைக்கு. அபடோக்கு வடக்கே, நல்ல கடலில் படகில் நாலு மணி நேரம். ருடேரு போகிறேன் என்றான். அகோயா அவன் கையைப் பிடித்து நிறுத்தி, இன்னொன்றையும் சொன்னாள். உறைந்த பெட்டியிலிருந்து அவள் ஒரு குழந்தைக்கு ஊசி போட்டிருக்கிறாள். ஒன்பது நாளைக்கு முன். டெபானோவின் மகனுக்கு. டெபானோவின் மனைவி புவேனா சோதனைக்கு மிகவும் தாமதமாக வந்தவள். அவள் ரத்தத்தின் முடிவு இன்னும் தலைநகரத்திலிருந்து வரவில்லை.

"அவங்க வீட்டுல நானே சொல்லிடறேன் சிஸ்டர்."

"இன்னிக்குள்ள சொல்லு. சாயங்காலம் வரைக்கும் நீ சொல்லலேன்னா நான் சொல்லிடுவேன்."

தீவில் கடல் தாண்டக்கூடிய படகு மூன்று. இரண்டு மீன்பிடிக்கப் போயிருந்தன. மூன்றாவது டெபானோவுடையது.

டெபானோ தாபேயாவின் பெரியப்பா மகன். ருடேரு போனபோது அவன் தென்னை உச்சியில் கள்ளுப் பாளை சீவிக்கொண்டே பாடிக்கொண்டிருந்தான். கீழே ஆளைப் பார்த்ததும் பாட்டை நிறுத்தினான்.

"என்ன மச்சான், அங்க பொண்டாட்டி வலியில கிடக்கா, இங்க மரத்தடியில உனக்கென்ன வேலை? ஏறி வந்து ஒளிஞ்சுக்கறியா?"

"புபுசி, மச்சான். படகு வேணும். அபடோக்கு வரைக்கும். இப்பவே."

டெபானோ உடனே இறங்கினான். எங்கள் தீவுகளில் உறவுக்காரன் அந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்டால் கொடுத்தாக வேண்டும். சட்டையோ பன்றியோ படகோ, கேட்டது எதுவானாலும் மறுப்பு கிடையாது. மறுத்தவன் பெயர் அவன் பேரன் காலம் வரைக்கும் மனேபாவில் பேசப்படும். ஏன் என்று கேட்பதும் முறையல்ல. அன்று காலை அந்த முறை ருடேருவுக்கு வசதியாக இருந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே படகு கிடைத்தது.

புவேனா பையனை மார்போடு துணியில் கட்டிக்கொண்டு வந்து, வழிக்கு இளநீரும் உப்பு மீனும் கட்டிக் கொடுத்தாள். அபடோக்குப் பெண்கள் பொல்லாதவர்கள், இவரைத் தனியாக விட்டுவிடாதே அண்ணே என்றாள். ருடேரு சிரித்தான். பையன் தூங்கிக்கொண்டிருந்தான். தொடையில் ஊசி போட்ட இடம் தெரிகிறதா என்று அவன் கண் தேடியது. ஒன்றும் தெரியவில்லை.

கடலில் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். பவளப்பாறையில் படகு வெளியேறும் வாசலைத் தாண்டியதும் சொல்லலாம் என்று நினைத்தான். தாண்டியதும், தீவு மறையட்டும் என்று நினைத்தான். மறைந்த பிறகு, இப்போது சொன்னால் டெபானோ படகைத் திருப்பிவிட்டால் என்ன செய்வது என்று நினைத்தான். உட்கார்ந்தான், எழுந்தான், தேவையில்லாமல் தண்ணீர் இறைத்தான். ஊரில் குழந்தை பிறந்துவிட்டதா இல்லையா என்று தெரியவில்லை. அந்த இருபத்துநான்கு மணி நேரம் ஓட ஆரம்பித்துவிட்டதா என்றும் தெரியவில்லை.

"உக்காருடா. நீ நடந்தா படகு சீக்கிரம் போயிடுமா?" என்றான் டெபானோ. அவனுக்கும் முதல் குழந்தையின்போது இப்படித்தான் இருந்தது, உப்பும் சர்க்கரையும் ஒன்றாகத் தெரிந்தது என்று கதை சொல்லிக்கொண்டே வந்தான்.

அபடோக்குக் கரையில் நரைத்த தாடிக்கார நர்ஸ் காத்திருந்தார். பெண் குழந்தை, பதினொன்று பத்துக்குப் பிறந்தது, தாயும் பிள்ளையும் நலம் என்று ரேடியோ சொன்னதாகச் சொன்னார். டெபானோ ருடேருவின் முதுகில் ஓங்கி அடித்தான். ருடேரு மனதுக்குள் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். நாளைக்குப் பதினொன்று பத்து.

நர்ஸ் இரண்டு குப்பிகளை ஒரு துணிப்பையில் போட்டு ருடேருவின் கழுத்தில் மாட்டினார். வெயிலிலும் வைக்காதே, ஐஸிலும் வைக்காதே, சட்டைக்குள் நெஞ்சோடு இருக்கட்டும், ஒரு நாள் உடம்புச் சூடு இதை ஒன்றும் செய்யாது என்றார். மிச்சம் இரண்டை அவர் தன் தீவில் பிறக்கப்போகிற குழந்தைகளுக்கு வைத்துக்கொண்டார்.

"ஒண்ணு உன் பொண்ணுக்கு. இன்னொண்ணு, உறைஞ்ச மருந்து போட்ட அந்தக் குழந்தைக்கு."

"எந்தக் குழந்தை?" என்றான் டெபானோ.

நர்ஸுக்குப் பெயர் தெரியாது. அவர் ருடேருவைப் பார்த்தார்.

"உன் பையன்," என்றான் ருடேரு.

பிறகு எல்லாவற்றையும் சொன்னான். வரிசையாக, ஃப்ரிட்ஜ் விளக்கிலிருந்து. டெபானோ கேட்டுக்கொண்டே ஒரு கயிற்றின் முடிச்சை அவிழ்த்து மறுபடி போட்டுக்கொண்டிருந்தான்.

"உனக்கு எப்போ தெரியும்?"

"இன்னிக்குக் காலைல."

"மரத்தடியில வந்து நிக்கும்போதே தெரியும்."

"ஆமா."

டெபானோ எழுந்து படகுக்குப் போய் இன்ஜின் மூடியைக் கழற்றினான். உடனே கிளம்பலாம் என்று ருடேரு கெஞ்சினான். ஆனால் மதியத்துக்கு மேல் மேற்குக் காற்று பிடித்துக்கொண்டது. பாறை வாசலில் அலை வெள்ளையாக உடைந்தது. இருட்டுவதற்குள் போய்ச் சேர முடியாது, காலையில் பார்க்கலாம் என்று ஊர்க்காரர்கள் சொல்லிவிட்டார்கள். டெபானோ படகிலேயே படுத்துக்கொண்டான். சாப்பிடக் கூப்பிட்டதற்கும் வரவில்லை.

விடிந்ததும் கிளம்பினார்கள். காற்று தணிந்திருந்தது, அலை தணியவில்லை. நீண்ட, கனத்த அலைகள். படகு ஒவ்வொன்றின் முதுகிலும் ஏறி, மறுபக்கம் பலகை அதிர விழுந்தது. ருடேரு இரண்டு கையாலும் நெஞ்சைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கையைக் கட்டிக்கொண்டதால்தான் அது நடந்தது. ஒரு பெரிய அலையிலிருந்து படகு விழுந்தபோது பிடித்துக்கொள்ளக் கை இல்லாமல், குறுக்குப் பலகையின் மேல் நெஞ்சு அடித்து விழுந்தான்.

சட்டை ஈரமானது. முதலில் கடல் தண்ணீர் என்று நினைத்தான். பையைத் திறந்தால் ஒரு குப்பியின் கழுத்து தனியாகக் கிடந்தது. கண்ணாடிச் சில் தோலில் ஏறி மெல்லிய ரத்தம் வந்தது. மற்றது முழுசாக இருந்தது. அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். துணியால் துடைத்து மறுபடி பிடித்தான்.

டெபானோ இன்ஜினைக் குறைத்தான்.

"எத்தனை இருக்கு?"

"ஒண்ணு."

படகு அலையில் சும்மா ஆடியது. டெபானோ தொலைவில் எதையோ பார்த்துக்கொண்டு பேசினான்.

"நான் கேட்டா நீ கொடுத்தாகணும்."

"ஆமா."

டெபானோ கேட்கவில்லை. கேட்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை. இன்ஜினைக் கூட்டினான். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு நிமிடமும் ருடேரு அந்த ஒரு சொல்லுக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். டெபானோ இருமினால் அது வருகிறது என்று நினைத்தான். எச்சில் துப்பினால் நினைத்தான். இன்ஜின் சத்தத்தில் ஒருவேளை சொல்லியிருப்பானோ, தன் காதில் விழவில்லையோ என்றும் நினைத்தான். கேட்டால் என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. கொடுத்தாக வேண்டும் என்பது மட்டும் தெரியும். தாபேயாவின் முகத்தை நினைக்கப் பார்த்தான், எனோக்காவின் வயிறுதான் நினைவுக்கு வந்தது. டெபானோவின் மணிக்கட்டில் கடிகாரம் இருந்தது. மணி கேட்கவும் அவனால் முடியவில்லை. இந்த நேரத்தில் எதையும் கேட்கக்கூடாது என்று தோன்றியது.

பிகெனாமோவின் தென்னைத் தலைகள் தெரிந்தபோது டெபானோ வாயைத் திறந்தான்.

"நான் கேக்கல. புவேனா கேட்டா தடுக்க மாட்டேன்."

புவேனா கரையில் இருந்தாள். முழங்கால் தண்ணீரில், பையனைத் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். முந்தின நாள் சாயங்காலம் ருடேரு கடலுக்கு அப்பால் இருந்ததால், அகோயா சொன்ன சொல் தவறாமல் அவளிடம் போய்ச் சொல்லிவிட்டிருந்தாள். கரையில் இன்னும் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். யாரும் கத்தவில்லை, கையசைக்கவில்லை. அகோயா மருத்துவ நிலையத்துப் படியிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தாள்.

ருடேரு தண்ணீரில் குதித்ததும் புவேனா அவன் சட்டையின் ரத்தத்தைப் பார்த்தாள், பிறகு படகில் இருந்த தன் கணவனைப் பார்த்தாள். டெபானோ ஒரு விரலைக் காட்டினான்.

"புபுசி, அண்ணே," என்றாள் புவேனா.

அவள் குரலில் கோபம் இல்லை. பக்கத்து வீட்டில் சர்க்கரை கேட்கிறவள் மாதிரித்தான் சொன்னாள். ருடேருவின் கை பைக்குள் போனது. குப்பியை எடுத்தது. உள்ளங்கையில் வைத்து நீட்டியது. யோசித்துச் செய்தானா என்று பிற்பாடு எத்தனையோ பேர் கேட்டார்கள். அந்தக் கையை நிறுத்தத் தனக்குத் தெரியவில்லை என்று மட்டும் சொன்னான்.

புவேனா எடுப்பதற்கு முன் அகோயா எடுத்துவிட்டாள்.

"இது அவனோடது இல்ல, கொடுக்கறதுக்கு. உன்னோடதும் இல்ல புவேனா, கேக்கறதுக்கு."

பிறகு தண்ணீரில் நின்றுகொண்டே, எல்லோர் காதிலும் விழும்படி, அகோயா விளக்கினாள். தாபேயாவின் ரத்தத்தில் கிருமி இருப்பது உறுதி. அவள் குழந்தைக்கு இன்னும் அரை மணி நேரம் மிச்சம். புவேனாவின் ரத்தம் பற்றித் தெரியாது. அவள் பையனுக்கு அந்த முதல் நாள் ஏற்கெனவே போய்விட்டது, அதை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. வியாழக்கிழமை விமானத்தில் வரும் முதல் குப்பி அவனுக்கு.

"வியாழக்கிழமை விமானம் வரலேன்னா?" என்றாள் புவேனா.

விமானம் வராத வியாழக்கிழமைகளை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அகோயா குப்பியோடு திரும்பி நடந்தாள். அவளைத் தடுக்கலாமா என்று புவேனா ஒரு அடி எடுத்து வைத்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

பத்து ஐம்பத்திரண்டுக்கு ஊசி போடப்பட்டது. குழந்தை ஒரு நொடி கழித்து அலறியது. தாபேயா அதை மார்போடு அணைத்துக்கொண்டு, சன்னல் வழியே தண்ணீர் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே நடந்ததை அவள் முழுசாகப் பார்த்திருந்தாள்.

"நீட்டிட்டே," என்றாள்.

"ஆமா."

"சிஸ்டர் வரலேன்னா போயிருக்கும்."

ருடேரு சுவரோரம் உட்கார்ந்து சட்டையைக் கழற்றினான். நெஞ்சில் ஏறியிருந்த கண்ணாடிச் சில்லை அகோயா இடுக்கியால் எடுத்தாள்.

வியாழக்கிழமை விமானம் வந்தது. புவேனாவின் பையனுக்குப் பன்னிரண்டாம் நாளில் கெடாத ஊசி கிடைத்தது. அந்தப் பெட்டியோடு அவளுடைய ரத்த முடிவு வரவில்லை. இரண்டு வாரம் கழித்து வந்தது. அவளுக்கும் இருந்தது.

இதற்கிடையில் ஊருக்குள் வேறு பேச்சு கிளம்பியது. ஊசியே கெட்டது, உள்ளே செத்த மருந்து இருக்கிறது, போடாமல் இருப்பதே நல்லது என்று வடக்குப் பக்கத்தில் நாலைந்து வீடுகளில் சொல்ல ஆரம்பித்தார்கள். மாதம் நிறைந்த ஒருத்தி வீட்டிலேயே பெற்றுக்கொள்கிறேன் என்றாள். அகோயா கேட்காமலே ருடேரு சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனான். "ஊசியில தப்பு இல்ல. நான்தான் கெடுத்தேன்," என்று ஆரம்பிப்பான். எப்படிக் கெடுத்தான் என்று சொல்லுவான். கெடாத ஊசி எது, எத்தனை மணிக்குள், எதற்காக என்று சொல்லுவான். என் அண்ணனுக்கு யாரும் செய்வினை வைக்கவில்லை, பிறந்த அன்று ஒரு ஊசி இல்லை, அவ்வளவுதான் என்றும் சொல்லுவான். சிலர் கேட்டார்கள். சிலர் ஐஸ்காரன் வந்துவிட்டான் என்று சிரித்தார்கள். வீட்டிலேயே பெறுவேன் என்றவள் இரண்டாம் முறை அவன் போனபோது அவன் முன்னாலேயே கதவுத் தட்டியை இறக்கிவிட்டாள். பிறகு வலி எடுத்ததும் மருத்துவ நிலையத்துக்குத்தான் வந்தாள்.

ஆறாம் வாரம், பத்தாம் வாரம், பதினான்காம் வாரம் என்று அடுத்த ஊசிகளுக்கு இரண்டு குழந்தைகளும் ஒரே நாளில் வந்தன. தாபேயாவும் புவேனாவும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பல் முளைப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். டெபானோ கடலுக்குப் போகும்போது முன்போலவே ருடேருவைக் கூப்பிட்டான். வெளியே பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஒன்று நின்றுபோயிருந்தது. அந்த வீட்டிலிருந்து யாரும் ருடேருவிடம் எதையும் கேட்பதில்லை. ஐஸ் கேட்பதில்லை. தூண்டில் முள் கேட்பதில்லை. முன்பெல்லாம் புவேனா வாரத்துக்கு இரண்டு முறையாவது மண்ணெண்ணெயோ தீப்பெட்டியோ கேட்டு ஆள் அனுப்புவாள், அவன் முணுமுணுத்துக்கொண்டே கொடுப்பான். இப்போது ருடேரு வீட்டைத் தாண்டி அதற்கும் அப்பால் போய் வாங்கினாள். ருடேரு ஒருநாள் தானாகவே ஒரு மூட்டை அரிசியைத் தூக்கிக்கொண்டு போய் வைத்தான். மறுநாள் அதே எடையில் ஒரு மூட்டை அவன் வாசலில் இருந்தது.

அவன் ஒருமுறை நேராகவே கேட்டுவிட்டான். "ஏதாவது கேளு புவேனா. எதை வேணும்னாலும் கேளு."

"கேக்க ஒண்ணும் இல்லண்ணே," என்றாள் அவள், மீனைச் செதிலெடுத்துக்கொண்டே.

ஊசி பலித்ததா என்று ஒன்பது மாதம் கழித்துத்தான் ரத்தத்தில் பார்க்க முடியும் என்று அகோயா சொல்லியிருந்தாள். அந்த ஒன்பது மாதமும் ருடேருவால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. மகளின் கண் வெள்ளையை வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். இந்த நோய் இப்போது கண்ணில் தெரியாது, ரத்தத்தில்தான் தெரியும் என்று அகோயா எத்தனை முறை சொன்னாலும் பார்ப்பான். டெபானோ வீட்டுப் பக்கம் போனால் அந்தப் பையனின் கண்ணையும் பார்ப்பான். யாரும் பார்க்காதபோது.

ஒன்பதாம் மாதம் முடிந்து, இரண்டு குழந்தைகளுக்கும் ரத்தம் எடுத்தார்கள். பையன் அழவில்லை, பெண் தெரு கேட்கும்படி அழுதாள். அகோயா குழாய்களில் பெயர் எழுதி ஒட்டினாள். தலைநகரத்துக்குப் போய், முடிவு காகிதத்தில் திரும்பிவர இரண்டு வாரம் ஆகலாம், நாலு வாரமும் ஆகலாம் என்றாள். தாபேயா குழந்தையைத் தட்டிக்கொண்டே வெளியே போனாள். ருடேரு பெஞ்சின் ஓரத்தில் எழுந்து எழுந்து உட்கார்ந்தான்.

புவேனா வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள். அவன் எதிரே நின்றாள்.

"புபுசி, அண்ணே."

ருடேரு நிமிர்ந்தான்.

"காகிதம் வந்தா நீ போய் வாங்கு. ரெண்டையும் நீயே திற. என் பையனோடது என்னன்னு நீ வந்து எங்க வீட்டுல சொல்லு. சிஸ்டர் வேண்டாம். நீ."

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. காத்திருக்கத் தேவையும் இல்லை.

முதல் வியாழக்கிழமை ருடேரு கிடங்கைப் பூட்டிவிட்டு ஓடுபாதைக்குப் போனான். விமானம் வந்தது, காகிதம் வரவில்லை. இரண்டாவது வியாழக்கிழமை விமானமே வரவில்லை. மூன்றாவது வியாழக்கிழமை அவன் விடிவதற்கு முன்பே போய்விட்டான். வெள்ளைப் பவள மண்ணில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தான், திரும்பி வந்தான், நின்றான், வடக்கே காது கொடுத்தான். சத்தம் கேட்பதுபோல இருந்தது. அலையாகவும் இருக்கலாம். மறுபடி நடக்க ஆரம்பித்தான்.